கரிபு வராத குளிர்காலம்

மெலிந்த இறைச்சியை வயிறு முட்டத் தின்றுகொண்டே ஒருவர் பட்டினியால் சாகலாம். கனடாவின் வடக்கு மனிடோபாவில் டெனே என்னும் பூர்வகுடி மக்களின் சிற்றூர் ஒன்றுக்குப் பள்ளி ஆசிரியராகப் போன பிறகுதான் இது எனக்குத் தெரியவந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி கரிபு என்னும் பனிமானின் இறைச்சியை வேகவைத்தால் எனக்கும் ஒரு தட்டு வரும். இறைச்சியோடு முதுகுக் கொழுப்பு ஒரு துண்டு, வெள்ளை வெளேரென்று, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். நகரத்திலிருந்து வருகிறவர்கள் அதைத்தான் ஒதுக்கி வைப்பார்கள் என்பது பாட்டிக்கு அனுபவத்தில் தெரியும். அதனால் பக்கத்திலேயே நின்று, கொழுப்பைக் காட்டி, "முதலில் இது" என்பார். தின்று முடிக்கும் வரை நகரமாட்டார்.

நம் கல்லீரல் ஒரு நாளைக்குக் கையாளக்கூடிய புரதத்துக்கு ஓர் எல்லை உண்டு. உண்ணும் உணவின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதத்திலிருந்தே வரவேண்டிய நிலை வந்தால் உடல் திணறிப்போகும். வயிற்றுப்போக்கு, தலைவலி, கைகால் ஓய்ந்துபோதல், எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி என்று வரிசையாக வரும். கொழுப்பே இல்லாத முயலை மட்டும் தின்று குளிர்காலத்தை ஓட்ட முயன்றவர்கள் இப்படித்தான் மடிந்தார்கள். வடக்கில் இதற்கு முயல் பட்டினி என்றே பெயர்.

அதனால் அங்குள்ள வேட்டைக்காரர் ஒரு கரிபுவைப் பார்த்ததும் முதலில் எடைபோடுவது அதன் கொழுப்பைத்தான். செப்டம்பரில் ஆண் கரிபுவின் முதுகில் கொழுப்பு விரல் தடிமனுக்கு மேல் படிந்திருக்கும். அக்டோபரில் இணைசேரும் பருவம் முடிந்தால் அதே ஆண் எலும்பும் தோலுமாக நிற்கும். குளிர்காலம் நெடுகப் பெண் கரிபுதான் கொழுத்திருக்கும். கொழுப்பு கிடைக்காத மாதங்களுக்கென்று எலும்புகளை வீசாமல் வைத்திருப்பார்கள். பாட்டி அவற்றைக் கோடரியின் பின்புறத்தால் நொறுக்கி, நீண்ட நேரம் கொதிக்கவிட்டு, மேலே மிதந்து உறையும் கொழுப்பை வழித்தெடுப்பார். இடித்த இறைச்சி வற்றலோடு அதைப் பிசைந்து வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஒரு கைப்பிடி தின்றுவிட்டு அரைநாள் நடக்கலாம்.

பழைய நூல்கள் சிப்பவையன் என்று எழுதும் இந்த மக்கள் தங்களை டெனே சூலினே என்று சொல்லிக்கொள்கிறார்கள். கிழக்கே ஹட்சன் விரிகுடாக் கரையில் உள்ள சர்ச்சில் தொடங்கி மேற்கே அதபாஸ்கா ஏரி, கிரேட் ஸ்லேவ் ஏரி வரை, மரங்கள் நின்றுபோகும் எல்லையை ஒட்டி அவர்களுடைய நிலம் நீள்கிறது. கரிபு மந்தைகள் வசந்தத்தின் முடிவில் மரமற்ற வெட்டவெளிக்குப் போய்க் கன்று ஈனும். குளிர்காலத்தில் காட்டுக்குள் திரும்பும். அந்தப் போக்குவரத்தின் குறுக்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள். சாப்பாடு, உடை, கூடாரம், கயிறு, தையல் நூல் எல்லாம் அந்த ஒரே விலங்கிலிருந்து வந்தன. அது வராமல் போனால் எல்லாமே ஒரேயடியாக இல்லாமல் போகும்.

நான் அங்கிருந்தபோது ஒரு குளிர்காலம் அப்படி ஆயிற்று. டிசம்பர் முடியும் தறுவாயிலும் மந்தை வரவில்லை. ஸ்கிடூ என்று எல்லோரும் சொல்லும் பனிவண்டிகளில் போன ஆண்கள் பெட்ரோலைத் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். ஏரிகள் உறைந்து லாரி வரும் பனிச்சாலை திறப்பதற்கு ஜனவரி கடைசியாவது ஆகும். அதுவரை கடைச் சாமான் எல்லாம் விமானத்தில்தான் வரவேண்டும். கோழியும் பாலும் விற்ற விலையில் பிள்ளைகள் நிறைந்த வீடுகள் வாங்கி மாளாது. ஆனாலும் அந்த ஊரில் யாரும் பதறவில்லை. அதுதான் எனக்கு முதலில் விளங்கவில்லை.

ஒவ்வொரு மாலையும் பாட்டியின் மகன் வீட்டுச் சமையலறையில் தொலைபேசி ஓயாது. டடூலி ஏரி, வொலாஸ்டன் ஏரி, பிளாக் ஏரி என்று உறவினர் இருக்கும் ஊர்களிலெல்லாம் விசாரிப்பார்கள். யார் எங்கே தடம் பார்த்தார், தடம் எந்தப் பக்கம் போகிறது, பனியின் மேல் ஓடு கட்டியிருக்கிறதா, எந்தக் காடு எந்த ஆண்டில் எரிந்தது. கரிபு குளிர்காலத்தில் மேய்வது தரையில் படரும் கற்பாசி வகையை; காடு ஒருமுறை எரிந்தால் அது பழையபடி தழைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் தீ விழுந்த இடங்களின் கணக்கு முதியவர்களுக்கு மனப்பாடம். தொலைபேசி வருவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த ஏற்பாடு இருந்தது. சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து மர எல்லை நெடுகிலும் தங்குவார்கள். எந்தக் குழுவின் பக்கம் மந்தை வந்தாலும் செய்தி அடுத்த குழுவுக்கு ஓடும். பசித்தவர்கள் இறைச்சி இருக்கும் இடத்துக்கு நடந்து வந்துவிடுவார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் கூடியிருந்தால் எல்லோரும் ஒன்றாகவே பட்டினி கிடந்திருப்பார்கள்.

பதறாததற்கு இன்னொரு காரணம் ஏரியின் அடியில் கிடந்தது. நவம்பரில், கரிபு இன்றோ நாளையோ வரும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, பாட்டியின் தம்பி மீன்வலையை எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினார். ஊரில் எல்லோருக்கும் அவர் தாத்தா, எனக்கும் அப்படித்தான். அவருடைய பேரன் என் வகுப்பு மாணவன் என்பதால் நானும் கூடப் போனேன்.

மைனஸ் 30 டிகிரி இருக்கும். தாத்தா கடப்பாரையால் பனிக்கட்டியைக் குத்தி முதல் துளையைப் போட்டார். பிறகு ஆறடிப் பலகை ஒன்றைத் துளை வழியே உள்ளே விட்டார். பலகையின் நடுவில் நீண்ட பிளவு; அதில் ஓர் இரும்புக் கை. கயிற்றை இழுத்தால் அந்தக் கை நிமிர்ந்து பனிக்கட்டியின் அடிப்பக்கத்தைக் கவ்வும், பலகை முன்னே நகரும். தளர்த்தினால் கை மடங்கும். மறுபடி இழுத்தால் இன்னும் கொஞ்சம் நகரும். காலடியில் டக், டக் என்ற சத்தம் ஏரியின் நடுவை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. பேரன் குனிந்து காதைக் கொடுத்துக்கொண்டு சத்தத்தின் பின்னாலேயே நடந்தான். வலையின் நீளத்துக்கு வந்ததும் கையைத் தூக்கினான். அவன் நின்ற இடத்தில் தாத்தா இரண்டாவது துளையைப் போட்டுக் கொக்கியை விட்டுத் துழாவ, பலகை கொண்டுபோன கயிறு அகப்பட்டது. கயிற்றின் மறுமுனையில் வலையைக் கட்டி இந்தப் பக்கமிருந்து இழுத்தால் வேலை முடிந்தது.

வலையைக் கையாளும்போது தாத்தா கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் தண்ணீரில் வேலை செய்தார். பார்க்கிற எனக்கு உடம்பெல்லாம் விறைத்தது. உறைந்த ஏரியின் அடியில் இருக்கும் தண்ணீர் காற்றைவிட முப்பது டிகிரி சூடு என்று விளக்கினார். கை நீருக்குள் இருக்கும் வரை பெரிய ஆபத்து இல்லை. வெளியே எடுத்த கணத்திலிருந்துதான் கணக்கு. எடுத்ததும் உலர்ந்த பொடிப்பனியில் கையைப் புரட்டினால் அது ஈரத்தை உறிஞ்சிவிடும். உடனே தோல் கையுறைக்குள் நுழைத்துவிட வேண்டும். அந்தக் கையுறைகள் கழுத்தில் போட்ட நாடாவில் தொங்கும். அழகுக்காகக் கட்டியதல்ல. வெட்டவெளியில் காற்று ஒரு கையுறையைப் பறித்துக்கொண்டு போனால் விரல்கள் போய்விடும்.

டிசம்பரில் அந்த வலை ஏழெட்டு வீடுகளுக்குச் சோறு போட்டது. வெள்ளைமீன், பைக், ஏரி டிரவுட், சில நாட்களில் பர்பட். பர்பட் பார்க்க அழகில்லாத மீன். ஆனால் அதன் ஈரலில் கொழுப்பு ஏராளம் என்பதால் பாட்டிக்கு மற்ற எதையும்விட அதுதான் உயர்வு. பிடித்த மீன் முதலில் போவது கணவரை இழந்த பெண்களின் வீடுகளுக்கு, அடுத்துக் கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு. யாரும் கேட்டு வாங்குவதில்லை. பேரன் கதவைத் திறந்து, மீனை உள்ளே வைத்துவிட்டு வருவான்.

பசி வந்த பிறகு வலை போடக் கூடாது என்பார் தாத்தா. பசித்த உடம்புக்குக் கடப்பாரையைத் தூக்கும் வலு இருக்காது. ஜனவரியில் பனிக்கட்டி இன்னும் தடித்திருக்கும், பகல் இன்னும் சுருங்கியிருக்கும். கரிபு நிச்சயம் வரும் என்று எல்லோரும் நம்பும் நாளில்தான் மீனுக்கு வலை போடவேண்டும். அந்த நிலத்தில் நான் கற்றவற்றில் இதைவிடப் பெரிது எதுவும் இல்லை.

உறைந்த ஏரியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுவார்கள். அதைவிட அடிக்கடி நடப்பது வேறு. மேலே கனத்த பனி விழுந்தால் அந்தப் பாரத்தில் பனிக்கட்டி அமிழ்ந்து வெடிப்பு விடும். அதன் வழியே தண்ணீர் மேலேறிப் பனிக்கடியில் தேங்கிவிடும். மேலே போர்த்திய பனி குளிரைத் தடுப்பதால் கடும் குளிரிலும் அந்தத் தண்ணீர் உறையாது. வெளியே பார்த்தால் வெள்ளைச் சமவெளி. காலை வைத்தால் முழங்கால் வரை சகதி. ஒருமுறை எங்களுக்கு முன்னால் போன ஸ்கிடூ அப்படி இறங்கிவிட்டது. ஓட்டியவர் நிறுத்தாமல் விசையைக் கூட்டிக் கரைப்பக்கம் திருப்பிவிட்டார். நின்றிருந்தால் வண்டி அங்கேயே உறைந்திருக்கும். கரைக்கு வந்ததும் நனைந்த கால்களைப் பொடிப்பனிக்குள் திணித்து ஈரத்தை ஒற்றியெடுத்தார். அதற்குள், விழாமல் நின்றபடியே காய்ந்துபோயிருந்த ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம் ஒன்றைத் தாத்தா வெட்டி நெருப்பு மூட்டிவிட்டார். ஸ்புரூஸ் மரத்தின் அடிப்பகுதியில் தண்டை ஒட்டியிருக்கும் பட்டுப்போன சுள்ளிகள் மழையிலும் பனியிலும் உலர்ந்தே இருக்கும். ஒரு கைப்பிடி ஒடித்தால் தீக்குச்சி ஒன்று போதும். சாம்பல் பூத்த நிறத்தில் பனி எங்கே லேசாகத் தொய்ந்திருக்கிறதோ அங்கே போகக் கூடாது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்துக் கற்றேன்.

வியர்வையும் அப்படி ஓர் எதிரி. விறகு வெட்டப் போகும் முன் தாத்தா மேலாடையைக் கழற்றி வைப்பார். குளிர்ந்துகொண்டே வேலை தொடங்கவேண்டும். நனைந்துகொண்டே வேலையை முடிக்கக் கூடாது.

உடையைப் பற்றிப் பேசினால் பெண்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1770-ல் ஹட்சன் விரிகுடா கம்பெனி என்ற வணிக நிறுவனத்தின் ஊழியர் சாமுவேல் ஹெர்ன் செம்பு தேடி வடக்கே போய்ப் பசியும் குளிருமாய் நொந்து திரும்பிக்கொண்டிருந்தார். அந்தப் பயணத்தில் ஏறக்குறைய ஏழு நாட்கள் கிரான்பெர்ரிப் பழங்கள், தண்ணீர், பழைய தோல் துண்டுகள், சுட்ட எலும்பு ஆகியவற்றைத் தவிர வேறு எதுவும் வாயில் படவில்லை என்று எழுதியிருக்கிறார். வழியில் அவரைச் சந்தித்த சிப்பவையன் தலைவர் மட்டோனாபி நீர்நாய்த் தோல் உடை கொடுத்துக் காப்பாற்றினார். உன் பயணம் தோற்றதற்குக் காரணம் பெண்களை அழைத்துப் போகாததுதான் என்றும் சொன்னார். சுமை தூக்குவது, கூடாரம் போடுவது, இறைச்சி உலர்த்துவது, தோல் பதனிட்டு உடை தைப்பது எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. மட்டோனாபி அதைச் சொன்ன தோரணையில் பெண்ணுக்கு மரியாதை எதுவும் இல்லை. ஆனாலும் உண்மை உண்மைதான். 1771 ஜூலையில் ஹெர்ன் வட சமுத்திரக் கரையைத் தொட்டது அந்தப் பெண்கள் உடன் நடந்ததால்.

ஓர் ஆளின் குளிர்கால உடைக்கு ஏறக்குறைய பத்துக் கரிபுத் தோல்கள் வேண்டும் என்று ஹெர்ன் கணக்கிட்டிருக்கிறார். மற்ற தேவைகளையும் சேர்த்தால் ஆண்டுக்கு 20-க்கும் மேல். கிடைத்த தோலெல்லாம் இதற்கு உதவாது. கோடைத் தொடக்கத்தில் ஈயின் புழுக்கள் துளைத்த ஓட்டைகள் இருக்கும். ஆகஸ்ட் பிற்பகுதியிலும் செப்டம்பரிலும்தான் தோல் முழுசாகவும் மயிர் அளவாகவும் இருக்கும். பாட்டி இன்றும் முதுகுத் தசைநாணைப் பிரித்து நூலாக்கி, வாயில் ஈரப்படுத்தித் தைக்கிறார். நனைந்தால் அந்த நூல் ஊதி ஊசித்துளையை அடைத்துவிடும். தண்ணீர் உள்ளே போகாது. மூளையைத் தடவிப் பதப்படுத்தி, உளுத்த மரத்தின் புகையில் காட்டிய தோல் எத்தனை முறை நனைந்து காய்ந்தாலும் விறைக்காது.

ஹெர்ன் திரும்பி வரும் வழியில், 1772 ஜனவரியில், மட்டோனாபியின் ஆட்கள் பனியில் ஒரு விசித்திரத் தடத்தைக் கண்டு பின்தொடர்ந்தார்கள். ஒரு சிறு குடிலில் ஓர் இளம்பெண் தன்னந்தனியாக இருந்தாள். சிப்பவையன் மக்களுக்கு அண்டை இனமான டாக்ரிப் மக்களைச் சேர்ந்தவள். பகை இனத்தார் அவளைச் சிறைபிடித்தார்கள்; கைக்குழந்தையைக் கொன்றார்கள். தப்பி ஓடி, வழி தெரியாமல், ஏறக்குறைய ஏழு மாதம் மனித முகம் பார்க்காமல் வாழ்ந்திருக்கிறாள். கையில் இருந்தது பீப்பாய்ப் பட்டை இரும்பில் செய்த சிறு கத்தியும், அம்புமுனையின் தண்டில் செய்த குத்தூசியும். கொண்டுவந்த மான் தசைநாண் தீர்ந்ததும் முயல் கால்களின் நரம்பை முறுக்கிச் சுருக்குக்கண்ணி செய்தாள். கற்களை உரசித் தீ மூட்டினாள், அதை அணையவிடாமல் காத்தாள். முயல்தோலில் தைத்த உடை அழகாகவும் இருந்ததாக ஹெர்ன் வியக்கிறார். ஓய்வு நேரத்தில் வில்லோ மரத்தின் உட்பட்டையை உரித்துப் பல நூறு பாகம் (ஒரு பாகம் ஆறடி) நீளத்துக்குச் சிறுகயிறு திரித்து வைத்திருந்தாள், வசந்தத்தில் மீன்வலை பின்னுவதற்கு. கண்டெடுக்கப்பட்டபோது அவள் நல்ல உடல்நிலையில் இருந்தாள்.

அவளைப் பற்றி என் வகுப்பில் படித்தபோது பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, கொழுப்புக்கு என்ன செய்தாள் என்பது. வேறெந்த ஊர்ப் பிள்ளைகளும் இப்படிக் கேட்டிருப்பார்களா தெரியவில்லை. முயலோடு சில பீவர்களையும் முள்ளம்பன்றிகளையும் பிடித்திருந்தாள். இரண்டுமே கொழுத்த விலங்குகள். அவளைக் கண்டுபிடித்த ஆண்கள் அன்று மாலையே அவளுக்காக மல்லுக்கட்டிப் பந்தயப் பொருள்போல் மாற்றி மாற்றி வென்றுகொண்டார்கள் என்பதையும் ஹெர்ன் எழுதியிருக்கிறார். அதை மறைத்துவிட்டு அவளுடைய திறமையை மட்டும் புகழ எனக்கு மனமில்லை. பசியிலிருந்தும் குளிரிலிருந்தும் அவள் தன்னைத் தானே காத்துக்கொண்டாள். மனிதர்களிடமிருந்து காக்க யாரும் இல்லை.

இத்தனை அறிவோடு வாழ்ந்த மக்கள் எப்போது அழிவின் விளிம்புக்குப் போனார்கள்? கரிபு வராத ஆண்டுகளிலும் அவர்கள் இறந்திருக்கிறார்கள்; அதை முதியவர்கள் ஒளிப்பதில்லை. 1781-82 பெரியம்மையில் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். ஆனால் எங்கள் ஊரில் குரல் தாழ்த்திப் பேசப்படுவது 1956. கரிபு குறைந்துபோனதற்கு வேட்டைக்காரர்களே காரணம் என்று அதிகாரிகள் முடிவு கட்டியிருந்தார்கள். குளிர்காலத்துக்கென்று ஏரிக்கரையில் சேர்த்துவைத்த இறைச்சி அவர்கள் கண்ணுக்கு வீண் கொலையாகத் தெரிந்தது. அந்த ஆகஸ்டில் லிட்டில் டக் ஏரியில் இருந்த, டெனே சூலினே மக்களின் ஒரு பிரிவான சாயிசி டெனே மக்களை விமானத்தில் ஏற்றிச் சர்ச்சில் கடற்கரையில் இறக்கிவிட்டார்கள். படகுகளும் வேட்டைப் பொறிகளும் பின்னால் நின்றுபோயின. வலை போட ஏரி இல்லை, விறகுக்குக் காடு இல்லை, செய்தி கொண்டுவர அடுத்த குழு இல்லை. நகரத்தின் குப்பைமேட்டில் பிள்ளைகள் உணவு தேடினார்கள். குடி, தீ விபத்து, நோய், வன்முறை என்று இருபது ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இறந்துபோனார்கள். மீந்தவர்கள் 1973-ல் தாங்களாகவே காட்டுக்குத் திரும்பி டடூலி ஏரிக்கரையில் ஊர் அமைத்தார்கள். மனிடோபா அரசு 2010-லும் கனடிய அரசு 2016-லும் மன்னிப்புக் கேட்டன.

பட்டினி அந்த நிலத்துக்குப் புதிதல்ல. அதற்கு மருந்தும் அந்த நிலத்திலேயே இருந்தது. மருந்தைப் பறித்துவிட்டு நோயாளியைப் பழித்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்குவதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் மந்தை பிப்ரவரியில் வந்தது, ஊரிலிருந்து வெகு தொலைவில். பெட்ரோலைப் பங்கிட்டுக்கொண்டு எல்லா வீடுகளுக்குமாகச் சிலர் போய் வேட்டையாடி வந்தார்கள். இப்போது கவலை வேறு. எங்கள் பக்கம் வரும் கமனிர்ஜுவாக் மந்தை 1994-ல் ஐந்து லட்சத்தை நெருங்கியிருந்தது. 2022-ல் ஏறக்குறைய இரண்டரை லட்சம். மேற்கே பாதர்ஸ்ட் மந்தை 1986-ல் 4,70,000 அளவில் இருந்து 2021-ல் 6,200 அளவுக்குச் சரிந்துவிட்டது. காட்டுத்தீ, வெப்பமாதல், சுரங்கங்கள், சாலைகள் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். கரிபுவை நம்பி வாழும் சமூகங்களும் அரசுகளும் சேர்ந்து 1982-ல் அமைத்த மேலாண்மை வாரியம், கன்று ஈனும் நிலங்களில் கனிம ஆய்வுக்கு இடம் தராதீர்கள் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. பிறந்து சில நாளே ஆன கன்றோடு நிற்கும் தாயை விரட்டினால் அந்த ஆண்டுக் கன்றுகள் தப்பாது. இதை ஏற்க இன்னும் எத்தனை ஆய்வுகள் வேண்டும்?

டொராண்டோவிலிருந்தும் வினிபெக்கிலிருந்தும் நம் இளைஞர்கள் சிலர் வடக்கே ஆசிரியர்களாகவும் தாதியர்களாகவும் போகிறார்கள். நல்ல பூட்ஸ் வாங்கும்போது காலுறை இரண்டு போட்டும் விரல் அசையும் அளவுக்கு வாங்குங்கள். இறுக்கமான பூட்ஸில் இரத்தம் ஓடாது. கையுறைக்கு நாடா கட்டுங்கள். தட்டில் வைத்த கொழுப்பைத் தின்னுங்கள். ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே தேயிலையோ புகையிலையோ கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஒரு பெரியவரின் வீட்டுக்குப் போய், வலை பார்க்கப் போகும்போது என்னையும் அழைத்துப் போவீர்களா என்று கேளுங்கள். அழைத்துப் போவார்கள்.